பழைய தோட்ட டிராக்டரை இனங்கண்டு, சீர்செய்து, புல் வெட்டுக்கு ஆயத்தப்படுத்துதல்

சங்கத்தின் உடைமை அங்கத்தினர் அனைவர்க்கும் உரியது. அனைவர்க்கும் உரியதாக இருத்தலினாலேயே, அதனைப் பேணும் பொறுப்பு எவரிடத்தும் இல்லாமற் போவதும் உண்டு. தணிக்கையின் பொருட்டு நாம் செல்லும் சங்கங்கள் சிலவற்றில், உரமூட்டைகளுக்குப் பின்னால் சிறிய டிராக்டர் ஒன்று தூசி படிந்து நிற்பதைக் காண்கிறோம். "ஓடாது" என்பார் ஒருவர். "பாட்டரி போட்டால் ஓடும்" என்பார் மற்றொருவர். எந்த ஆண்டு வாங்கியது, என்ன எஞ்சின், ஏன் நின்றது என்று வினவினால் விடை கூறுவார் இல்லை. அதே ஊரில் தென்னந்தோப்புகளிலும் மாந்தோட்டங்களிலும் முழங்காலளவு புல் மண்டிக் கிடக்கும்; அதனை வெட்டுவதற்கு அங்கத்தினர்கள் வெளியாரிடம் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்நிலையை மாற்றுவதற்குப் பெரிய தொழில் நுட்பம் வேண்டுவதில்லை. ஒழுங்கும் பொறுமையும் வேண்டும். யந்திரம் இன்னதென்று அறிதல், அதனைச் சீர்செய்தல், புல் வெட்டும் கருவியைப் பொருத்தி வேலைக்கு அனுப்புதல் ஆகியவற்றை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம். செயலாளரும் நிர்வாகக் குழுவினரும் மட்டுமன்றி, டிராக்டரை வாடகைக்கு எடுக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

1. யந்திரத்தை இனங்காணல்

இருப்புப் பதிவேட்டில் "டிராக்டர் – 1" என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. இவ்வளவு குறிப்பைக்கொண்டு ஒரு திருகாணியைக் கூட வாங்க இயலாது. வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் சிறு டிராக்டர்கள் உள்ளே முற்றிலும் வேறுபட்டவை. உதாரணமாக, 1967-இல் தொடங்கப்பெற்ற பெங்களூர் வி.எஸ்.டி. நிறுவனத்தின் மிட்சுபிஷி சக்தி எம்.டி. 180டி என்னும் டிராக்டருக்கு 3 சிலிண்டர்கள். திறன் ஏறத்தாழ 18 குதிரைத்திறன். மகிந்திரா யுவராஜ் 215 என்பதற்கோ 1 சிலிண்டர். திறன் 15 குதிரைத்திறன். இரண்டும் தோட்டத்தில் மரங்களுக்கிடையே புகக்கூடிய சிறு வண்டிகளே எனினும், ஒன்றின் பில்டரோ, பிஸ்டன் வளையமோ, பம்பின் உறுப்போ மற்றொன்றுக்குப் பொருந்தாது.

வண்டியின் நிறத்தையும் மூடியில் எழுதியுள்ள பெயரையும் நம்புதல் கூடாது. பழைய வண்டிகள் பல, கைமாறும்போது புதுச் சாயம் பூசப்பெற்றவை. சிலவற்றில் வேறொரு வண்டியின் மூடியும் ஏறியிருக்கும். நம்பத்தக்கவை இரண்டே: உற்பத்தியாளர் பதித்த தகடும், உலோகத்தில் அடித்த எண்களும். தகடு பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னோ, கிளட்ச் கூட்டின் பக்கத்திலோ இருக்கும். எஞ்சின் எண் எஞ்சினின் வார்ப்பு உடலிலேயே அடிக்கப்பட்டிருக்கும். சேஸிஸ் எண் தனி.

எண் தெரியவில்லையெனில், அவ்விடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்துத் துணியால் துடைக்க வேண்டும். அரத்தாலோ சாணை யந்திரத்தாலோ சுரண்டுதல் கூடாது. எண் சிதைந்துவிட்டால் வண்டியின் உரிமையே ஐயத்துக்கு இடமாகும். துடைத்த பின் மெல்லிய காகிதத்தை எண்ணின்மேல் வைத்துப் பென்சிலால் பரவலாகத் தேய்த்தால் எண் காகிதத்தில் தெளிவாக விழும். இந்தப் பென்சில் பிரதியை இருப்புப் பதிவேட்டில் ஒட்டி, செயலாளரும் தலைவரும் ஒப்பமிட்டு வைப்பது சிறந்த முறை.

பிறகு அவ்வெண்களைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட வேண்டும். சான்றில் உள்ள எஞ்சின் எண் வேறாக இருக்குமாயின், இடையில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது என்பது பொருள். அந்நிலையில் உதிரி உறுப்புகளைப் பொருத்தியுள்ள எஞ்சினைக் கண்டே வாங்க வேண்டும்; போக்குவரத்து அலுவலகத்திலும் முறைப்படி திருத்தம் பெற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இத்தகைய வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்மேல் புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர்க்கான காப்பீடும் அச்சட்டப்படி கட்டாயம். பதிவும் காப்பீடும் முடிந்த வண்டியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் சாலை வழியே ஓட்டிச் சென்று விபத்து நேருமாயின், இழப்பு சங்கத்தின் நிதியிலிருந்தே போகும்.

ஒரு சங்கத்தில், பழைய விலைச்சீட்டில் கண்ட பெயரை வைத்து உதிரி உறுப்புகள் தருவிக்கப்பட்டன. வந்தவை பொருந்தவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தார். வண்டி மேலும் 2 பருவங்கள் நின்றது. எண்ணைப் பார்த்தெழுத அரைமணி நேரம் செலவிட்டிருந்தால் அவ்விழப்பு நேர்ந்திராது.

2. இயக்குமுன் செய்ய வேண்டுவன

நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டதும் பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புவது பலர்க்கும் இயல்பு. அது தவறு. முதலில் கண்ணால் காண வேண்டும்.

எலி மின்கம்பிகளைக் கடித்திருக்கும். காற்று வடிகட்டியில் கூடு கட்டியிருக்கும். புகைக்குழாய்க்குள் குளவி மண்ணால் அடைத்திருக்கும். இவற்றை நீக்கிய பின், எஞ்சின் எண்ணெயின் அளவுக்கோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. தலைமூடியின் கேஸ்கட்டு பழுதாயிருக்கலாம். இவ்வண்டியை மெக்கானிக்கிடம் காட்டாமல் இயக்குதல் கூடாது. எண்ணெய் கறுத்து மட்டும் இருந்தால் அச்சமில்லை. ஆயினும் நெடுநாள் நின்ற வண்டிக்கு மணிக்கணக்கைப் பாராமல் எண்ணெயையும் எண்ணெய் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். எண்ணெயின் தரம் உற்பத்தியாளர் கையேட்டில் கண்டவாறு இருத்தல் வேண்டும்.

காற்று வடிகட்டி பழைய வண்டிகளில் எண்ணெய்க் கிண்ணம் உள்ளதாக இருக்கும். கிண்ணத்தின் அடியில் தங்கிய சேற்றைக் கழுவிக் கோடிட்ட அளவுக்குப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அவ்வெண்ணெயை உறிஞ்சும். புல் வெட்டும் வேலையில் தூசும் பதரும் மிகுதி. ஆதலின் உழவு வேலையைக் காட்டிலும் இவ்வடிகட்டியை அடிக்கடி கவனிக்க வேண்டும். வடிகட்டியினின்று எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் தூசு நேரே உட்புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். சில நூறு ரூபாய்க் குழாயைப் புறக்கணித்து எஞ்சினையே பிரிக்கும் நிலைக்கு வந்த வண்டிகள் பல.

ரேடியேட்டரின் பழைய நீரை வடித்து, துருநீர் போகுமட்டும் அலசி, நல்ல நீரும் உரிய கூலண்டும் கலந்து நிரப்புக. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே புல்விதைகள் அடைந்திருந்தால், விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். பேன் பெல்ட்டைப் பெருவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ வேண்டும். மிகத் தளர்ந்தால் எஞ்சின் சூடேறும், மிக இறுகினால் பேரிங்கு தேயும்.

பாட்டரியைக் கழற்றும்போது பூமிக்கம்பியை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுக. நிலையாக நின்ற 12 வோல்ட் பாட்டரி முழு மின்னேற்றத்தில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் அது பெரும்பாலும் வடிந்துவிட்டது. மின்னேற்றிய மறுநாளே மீண்டும் இறங்குமாயின் புதிது வாங்குதலே சிக்கனம்.

3. டீசல் செல்லும் வழி

பழைய வண்டி ஓடாமைக்குப் பெருங்காரணம் டீசல் வழியில் உள்ள அழுக்கும், நீரும், காற்றுமே. பம்பையும் நாசிலையும் குறை கூறுமுன் இவற்றை நோக்க வேண்டும்.

தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து பழைய டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், நீர் அடியில் தங்கித் தெளிவாகத் தெரியும். அதனை முழுதும் வடித்து, தொட்டியைக் கழுவி, டீசல் பில்டரை மாற்றிப் புதிய டீசல் ஊற்றுக. இப்பொழுது குழாய்களில் காற்று நிறைந்திருக்கும். பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் நுரையும் பின்னர்க் குமிழியற்ற டீசலும் வரும். அப்போது திருகை முடுக்குக. அடுத்து எரிபொருள் பம்பின் காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்க. பிறகு நாசில் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றினால் அங்குள்ள காற்றும் வெளியேறும். டீசல் வரக் கண்டதும் நட்டுகளை முடுக்கிவிடலாம். இந்த வரிசையை மாற்றினால் காற்று எங்கேனும் தங்கிவிடும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் ஊசியைப்போல் தோலைத் துளைத்து உட்செல்லும் விசையுடையது. கசிவு உண்டா என்று கையால் தடவிப் பார்த்தல் கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். தோலுக்குள் டீசல் சென்றுவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

4. முதல் ஓட்டம்

கியர் நடுநிலையில் இருத்தலையும் பி.டி.ஓ. விலகியிருத்தலையும் பார்த்துக்கொள்க. எஞ்சினை நிறுத்தும் இழுவையை வெளியே இழுத்துப் பிடித்து, டீசல் எரியாதவாறு 10 வினாடி அளவு ஸ்டார்ட்டரால் சுற்றுக. இதனால் எண்ணெய் உறுப்புகளுக்கெல்லாம் ஏறும். பின்னர் இழுவையை உள்ளே தள்ளி எஞ்சினைக் கிளப்பலாம். எண்ணெய் அழுத்த விளக்கு சில வினாடிகளுக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் அக்கணமே நிறுத்துக.

நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தகடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது உண்டு. மிதியை அழுத்தியும் கியர் விழாமல் உறுமினால் இதுவே காரணம். வலிந்து கியரைத் தள்ளுதல் கூடாது. மெக்கானிக்கைக் கொண்டு விடுவிக்க வேண்டும். பிரேக்கின் இரு மிதிகளும் ஒரே அளவு இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். வயலில் தனித்தனியே மிதித்துத் திரும்பும் வசதிக்காக அவை பிரிக்கப்பட்டுள்ளன. சாலையில் செல்லும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்தேயாக வேண்டும். இணைக்காமல் விரைவில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி கவிழும்.

5. புல் வெட்டும் ஸ்லாஷர்

டிராக்டரின் பின்புறத்து பி.டி.ஓ. தண்டைக் கவனிக்க. 35 மில்லிமீட்டர் விட்டமும் 6 பற்களும் உடைய தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு உரியது. 21 பற்கள் உள்ளது 1,000 சுற்றுக்கு உரியது. சிறு டிராக்டர்கள் சிலவற்றில் பி.டி.ஓ.வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேகங்கள் உண்டு. ஸ்லாஷரின் தகட்டில் 540 என்று இருந்தால் நெம்புகோலும் 540-இல் நிற்க வேண்டும். மூன்று புள்ளி இணைப்பில் முதல் வகைக்குக் கீழ்முளை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், மேல்முளை 19 மில்லிமீட்டர். முளை தளர்ந்து ஆடுமாயின் கம்பியைச் சுற்றி இறுக்குதல் கூடாது. உரிய முளையையே போட வேண்டும்.

ஸ்லாஷரின் கியர் பெட்டியில் எண்ணெய் உள்ளதா என்று பார்த்துக் குறையை நிரப்புக. வெட்டலகுகளை எடுத்துத் தராசில் நிறுக்க வேண்டும். எதிரெதிராகச் சுழலும் இரண்டும் ஒரே எடையாக இருத்தல் அவசியம். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் அதிர்வினால் பேரிங்கும் கியர் பெட்டியும் கெடும். வெடிப்புக் கண்ட அலகைப் பற்றவைத்துப் பயன்படுத்துதல் ஆகாது. கல்லோ கட்டையோ தடுத்தால் முறிந்து கியர் பெட்டியைக் காக்கும் பொருட்டே முறிபோல்ட் அமைந்துள்ளது. அது அடிக்கடி முறிகிறது என்று உறுதியான போல்ட்டை மாட்டினால், அடுத்து முறிவது கியர் பெட்டியின் பல்லாகவே இருக்கும்.

இணைப்புத் தண்டின் இரு குழாய்களும் ஒன்றினுள் ஒன்று, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நீளமாவது பொருந்தியிருத்தல் வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை கட்டாயம் இருக்க வேண்டும். இதன் காரணத்தைக் கணக்கால் அறியலாம். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது வினாடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர் தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஆகவே வேட்டியின் முனையோ சேலைத் தலைப்போ துண்டோ அதில் பட்டால், ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ 1 மீட்டர் துணி சுருண்டுவிடும். தறியில் துணி சுருட்டும் மரத்தை நெசவாளர் தம் கையால், தாம் விரும்பும்போது திருப்புகிறார். இந்தத் தண்டோ எவரையும் கேட்டுச் சுற்றுவதன்று. உடையோடு உடலையும் இழுத்துக்கொள்ளும்.

அலகின் வேகத்தையும் பார்ப்போம். 1.2 மீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுழலும் அலகின் முனை, வினாடிக்கு 56 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதிற்பட்ட கல் 100 மீட்டர் தூரம் கூடத் தெறிக்கக்கூடும். ஸ்லாஷரின் பக்கத் தகடுகளும் சங்கிலித் திரையும் அழகுக்காக அமைந்தவை அல்ல.

6. தோட்டத்தில்

வண்டி வருமுன் தோட்டத்தை ஆயத்தம் செய்தல், வாடகைக்கு எடுக்கும் அங்கத்தினரின் கடமை. தென்னை மட்டைகள், கற்கள், கம்பித்துண்டுகள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி மரத்தடியில் வைக்க வேண்டும். புல்லுக்குள் மறைந்த ஒரு குழாயை அலகு பற்றினால், குழாய் வரிசை முழுதும் இழுபட்டு நாசமாகும். கிணற்று மேடு, வாய்க்கால், வட்டப்பாத்திகளின் வரம்பு ஆகியவற்றில் கொடி நட்டு அடையாளம் இடுதல் நன்று.

களைகள் விதை பிடிக்குமுன் வெட்டுதல் வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன்னே நீக்குதல் வேண்டும். முற்றிய பின் வெட்டினால் யந்திரமே விதைப்பவனாகிவிடும். மண்ணை ஒட்டி வெட்டாமல் 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால் அலகும் தேயாது, மண்ணும் அரியாது. வெட்டிய புல்லை மரத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்பலாம்.

ஓட்டுநரைத் தவிர எவரும் வண்டியில் ஏறலாகாது. சிறுவர்களும் ஆடுமாடுகளும் அப்புறம் இருத்தல் வேண்டும். அலகில் சிக்கியதை எடுக்க, எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் இட்டு, அலகு நின்ற பின்னரே இறங்க வேண்டும். ஸ்லாஷரைத் தூக்கி நிறுத்தி அதன்கீழ்க் கைவிடும்போது கட்டைகளை முட்டுக்கொடுத்தாக வேண்டும். ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பலாகாது. சரிவான நிலத்தில் குறுக்காக ஓட்டுதலைத் தவிர்க்க வேண்டும்.

7. வரவு செலவு

சீர்செய்வதா, கழித்து விற்பதா என்பதை விருப்பு வெறுப்பின்றிக் கணக்கால் முடிவு செய்க. கீழ்க்காணும் தொகைகள் முறையை விளக்குதற்காக வைத்துக்கொண்டவையே. தங்கள் ஊர் நிலவரத்தை இட்டுக் கணக்கிடுக.

1.2 மீட்டர் அகலத்தில், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டினால் 1 மணியில் 3,600 சதுர மீட்டர். திரும்புதலுக்கும் ஓய்வுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 2,880 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 0.7 ஏக்கர். அங்கத்தினர்களின் தோட்டம் 70 ஏக்கர் என்றும் ஆண்டுக்கு 2 வெட்டு என்றும் கொண்டால், 140 ஏக்கருக்கு 200 மணி வேலை. மணிக்கு வாடகை 500 ரூபாய். டீசல் 190, ஓட்டுநர் 120, எண்ணெய் முதலியன 60, ஆகச் செலவு 370 ரூபாய். மிச்சம் 130 ரூபாய். சீர்செய்ய 40,000 ரூபாய் ஆகுமெனில், அதனை மீட்க ஏறத்தாழ 308 மணி, அதாவது ஒன்றரை ஆண்டுக்குச் சிறிது மேல் வேண்டும். வண்டி இன்னும் 5 ஆண்டு உழைக்கும் நிலையில் இருந்தால் சீர்செய்தல் தகும். 20 ஏக்கரே உள்ள ஊரில் அதே செலவை மீட்க ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். ஆங்கே அண்டைச் சங்கத்தோடு கூடி வேலையைப் பங்கிட்டாலன்றி வண்டியைச் சீர்செய்தல் அறிவுடைமை ஆகாது.

வேலை தொடங்கிய பின் லாக் புத்தகம் நாள்தோறும் எழுதப்பெற வேண்டும்: தேதி, அங்கத்தினர் எண், ஹவர் மீட்டரின் தொடக்கமும் முடிவும், ஊற்றிய டீசல், கண்ட பழுது. ஹவர் மீட்டர் ஓடாத வண்டியில் அதனை முதலில் சீர்செய்க. மணி தெரியாத வண்டிக்கு எண்ணெய் மாற்றும் காலமும் தெரியாது. வாடகை சரியாக வந்ததா என்பதும் தெரியாது. ரசீது இன்றித் தோட்டத்திலேயே பணம் கைமாறும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அது அங்கத்தினர்களின் பங்குத் தொகையைக் கரைக்கும் வழி என்பதைப் பொதுக்குழு உணர வேண்டும்.

நெசவாளர் சங்கத்தாருக்கும் இப்பாடம் புறம்பானதன்று. பாவு ஓடும் யந்திரமாயினும் சாயச்சாலைப் பம்பாயினும், தகட்டிலுள்ள எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுதலும், ஓடிய மணியைக் குறித்தலும், பழுதின் செலவை வரவோடு வைத்து நிறுத்தலும் ஒரே முறையினவே.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் யந்திரங்கள் ஒவ்வொன்றின் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருப்புப் பதிவேட்டில் உள்ளனவா? பதிவுச் சான்றும் காப்பீடும் எந்நாள்வரை செல்லும்?

2. ஆண்டொன்றுக்கு எத்தனை ஏக்கர் தோட்டத்தில் புல் வெட்ட வேண்டியுள்ளது? மேற்கண்ட முறைப்படி எத்தனை மணி வேலை கிடைக்கும்?

3. இணைப்புத் தண்டின் உறையும் ஸ்லாஷரின் பக்கத் தகடுகளும் முழுமையாக உள்ளனவா? இல்லையெனில், அவை பொருத்தப்படும் வரை வண்டியை வாடகைக்கு அனுப்புவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளதா?

4. லாக் புத்தகத்தை எழுதும் பொறுப்பு யாருடையது? அதனைச் சரிபார்ப்பவர் யார்?